உம்மா இருக்காத இத்தா

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் முதலில் கேட்பது, அங்கே குளிரா என்றுதான். ஓம், குளிர்தான். அடுத்த கேள்வி, அங்கே சட்டமெல்லாம் ஒழுங்காமே என்பது. அதுவும் ஓம்தான். மிகவும் ஒழுங்கு. இந்தக் குறிப்புகளை அந்த இரண்டாவது கேள்விக்காக எழுதுகிறேன். வாசித்து முடித்த பிறகு அதை யாரும் என்னிடம் கேட்காமல் விட்டால் எனக்கு நிம்மதி.

நான் ஜேர்மனியில் ஒரு சிறிய நகரத்தில், முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். கட்டில் விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு, எடுத்து, மடித்து அடுக்குவதுதான் தொழில். வேலைக்கு இடையில் யாரும் என்னோடு கதைக்க வேண்டியதில்லை என்பதால், என் ஜேர்மன் மொழி வந்த நாளில் இருந்த அளவிலேயே இருக்கிறது. மகள் ஹனா இங்கே பிறந்தவள், உயர் வகுப்பில் படிக்கிறாள். நான் அலுவலகங்களில் வாயைத் திறந்தால் அவளுக்கு வெட்கம். எதைக் கேட்டாலும் நான் சிரித்துக்கொண்டு ஓம் சொல்கிறேனாம். அகதியாக வளர்ந்தவர்களுக்கு அது பழகிவிடும் என்று அவளுக்கு எப்படி விளக்குவது.

ஐப்பசி பிறந்தால் புத்தளத்தில் எங்கள் ஆட்கள் கூட்டம் வைப்பார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் வடக்கு முஸ்லிம்களை இயக்கம் துரத்திவிட்டதை நினைவுகூரும் கூட்டம். பதாகை கட்டி, நீதி கேட்டு, துஆ ஓதி, பிளேன்டீ குடித்துக் கலைவார்கள். அதே புத்தளத்துப் பக்கம் கரைத்தீவில் இருக்கிற என் உம்மா ஒரு வருடமும் அதற்குப் போனதில்லை. அவருக்கு நீதி தேவைப்படவில்லை. இயக்கம் கூட்டிக்கொண்டு போன வாப்பா உயிரோடு இருக்கிறாரா, மௌத்தாகிவிட்டாரா என்ற ஒரு செய்திதான் தேவைப்பட்டது. மௌத் என்றால் அவர் இத்தா இருக்க வேண்டும். கலியாணக் கருகமணியைக் கழற்றி, வெள்ளை உடுத்து, நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்து, புருசனுக்காக ஒரு பெண் செய்ய வேண்டிய கடைசிக் கடமையைச் செய்து முடிக்க வேண்டும். அவர் இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான், அதைக்கூடக் கொடுக்க உலகத்துக்கு மனம் வரவில்லை.

2

எங்கள் ஊர் மன்னார்த் தீவில், கடலை ஒட்டியது. வாப்பா வள்ளங்களின் இன்ஜின் திருத்துகிறவர். மீனவர்களும் வருவார்கள், இயக்கப் பொடியன்களும் வருவார்கள். துவக்கோடு வருகிறவனுக்கு இன்று கடை பூட்டு என்று சொல்ல ஏலாது. அப்படி வந்தவர்களில் ஒருவன் சேகர். வாப்பா வேலை முடிக்கும் வரைக்கும் எங்கள் குசினி வாசலில் இருந்து தேத்தண்ணி குடிப்பான். வாப்பாவை நானா என்பான், உம்மாவை அக்கா என்பான். நோன்புக் காலத்தில் கஞ்சிக்குச் சொந்தமாகப் பாத்திரம் கொண்டு வருவான். உம்மாவுக்கு அவனில் இரக்கம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை போல இருக்கிறான் என்று கறித்துண்டும் வைத்துக் கொடுப்பார்.

ஒலிபெருக்கியில் அறிவித்தபோது எனக்கு எட்டு வயது, தங்கை ஃபர்சானா கைக்குழந்தை. முஸ்லிம்கள் எல்லோரும் போக வேண்டும், வீடும் வளவும் அப்படியே இருக்க வேண்டும் என்றார்கள். கடற்கரையில் வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். உம்மாவைச் சோதித்த பெண் பிள்ளை, கருகமணியில் இருந்த தங்கக் குண்டுகளை உருவி எடுத்துக்கொண்டு, கருப்பு மணிகளை மட்டும் நூலோடு திருப்பிக் கொடுத்தாள். தாலி மாதிரித்தானே அக்கா, வைத்துக்கொள்ளுங்கள் என்றாளாம். அவளுக்கும் ஒரு தர்மம் இருந்திருக்கிறது.

மணலில் வள்ளத்துக்குக் காத்து நின்றோம். அப்போதுதான் சேகர் சைக்கிளில் வந்தான்.

"நானா ஒருக்கா வந்து பாத்திட்டு வரட்டும் அக்கா. ஒரு இன்ஜின் ஸ்டார்ட் எடுக்குதில்ல. கடைசி வள்ளத்துக்கு முந்தி நானே கொண்டுவந்து விடுவன்."

வாப்பாவுக்கு உள்ளுக்குள் சந்தோசம்கூட வந்திருக்கும். சோதனைக்காரர்கள் பறித்துவைத்திருந்த, நட்டுக் கழற்றுகிற சாவிகள் போட்ட அவருடைய பையை சேகர் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டான். பையில் இருந்த பெரிய சாவியின் பிடியில், வழுக்காமல் இருக்க, உம்மாவின் பழைய சாறியிலிருந்து கிழித்த சிவப்புத் துணி சுற்றியிருந்தது. அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சைக்கிளின் பின்னால் ஏறி இருந்து போனார். திரும்பிப் பார்த்தாரா என்று எனக்கு நினைவில்லை. திரும்பி வருகிறவர் ஏன் பார்க்கப் போகிறார்.

வள்ளங்கள் வந்து வந்து போயின. உம்மா எல்லோரையும் முன்னுக்கு அனுப்பிவிட்டுப் பின்னுக்கே நின்றார். பின்னேரம் பனைகளுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு இன்ஜின் சத்தம் கேட்டது. முதலில் இருமி, பிறகு சீராகப் பிடித்து ஓடியது. உம்மா என் தலையைத் தடவி, "கேட்டியா, வாப்பா திருத்திட்டாரு. இனி வந்திருவாரு" என்றார். அன்றைக்கு முழுவதும் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வரவில்லை. கடைசி வள்ளத்தில் எங்களைத் தள்ளி ஏற்றினார்கள். தெற்கே புத்தளக் கரையில், கற்பிட்டியில் இறங்கியபோது யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள் பாணும் தேத்தண்ணியுமாக நின்றார்கள். எத்தாளைப் பக்கத்திலிருந்து சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். உம்மா எதையும் சாப்பிடாமல், பின்னால் வருகிற வள்ளங்களில் ஆட்களை எண்ணிக்கொண்டு நின்றார். பிறகு எங்களை லொறியில் ஏற்றிக் கரைத்தீவுக்குக் கொண்டுபோய், தென்னந்தோட்டத்துக்குள் இறக்கிவிட்டார்கள்.

3

கரைத்தீவில் கிடுகுக் குடிசைகளில் வளர்ந்தோம். மழை பெய்தால் பக்கத்துக் களப்புத் தண்ணீரும் குடிசையும் ஒன்றாகிவிடும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பெயர் இருக்கவில்லை, அகதிப் பிள்ளைகள் என்றுதான் கூப்பிடுவார்கள். அடைக்கலம் தந்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான், அப்படிக் கூப்பிட்டவர்களும் அவர்கள்தான். இரண்டையும் மறக்காமல் எழுதிவைக்கிறேன்.

முகாமில் ஆம்பிளைகள் மௌத்தானார்கள். காய்ச்சலில் சிலர், மனம் விட்டுப்போய்ச் சிலர். அவர்களுடைய பெண்கள் இத்தா இருந்தார்கள். குடிசைக்குள் சீலை கட்டி மறைத்து, வெள்ளையோடு இருப்பார்கள். உம்மா அந்த வீடுகளுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பார், அடுப்பு மூட்டிக் கொடுப்பார், வாசலில் ஆம்பிளை யாரும் வராமல் பார்த்துக்கொள்வார். இத்தா முடிகிற நாளில் அந்தப் பெண்ணைக் குளிக்க வார்ப்பதும் அவர்தான். எத்தனை பேருக்குச் செய்தார் என்று அவரே சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்தால் ஒரு பெருமூச்சு வரும். அது பொறாமை என்று எனக்கு விளங்கப் பல வருடம் சென்றது. செத்த புருசனை வைத்திருக்கிற பெண்களைப் பார்த்து என் உம்மா பொறாமைப்பட்டார்.

உதவிக்குப் பெயர் பதிகிறவர்கள் வருவார்கள். விதவையா என்று கேட்பார்கள், இல்லை என்பார். அப்படியென்றால் புருசன் எங்கே என்பார்கள். வருவார் என்பார். விதவைகளுக்கு வந்த உதவி எங்களுக்கு இல்லை, புருசன் உள்ளவர்களுக்கு வந்த உதவிக்குப் புருசன் கையொப்பம் வைக்க வேண்டும். இடையில் தனக்கு மாப்பிள்ளை பேசி வந்தவர்களையும் உம்மா வாசலோடு அனுப்பிவிட்டார். என் புருசன் இன்ஜின் திருத்தப் போயிருக்கிறார் என்று ஒருவரிடம் சொன்னாராம். அதை முகாமில் கொஞ்சக் காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கல்முனைப் பக்கமிருந்து வந்த ஒரு மௌலவியிடம் உம்மா கேட்டுப் பார்த்தார். நிச்சயமான செய்தி வராமல் இத்தா இருக்க ஏலாது, வேண்டுமானால் காதியாரிடம் போய், இத்தனை காலம் வராத புருசன் இறந்துவிட்டதாகக் கொள்ளும்படி தீர்ப்பு வாங்கலாம் என்றார் மௌலவி. உம்மா மாட்டேன் என்றுவிட்டார்.

"என்ட வாயால அவர மௌத்தாக்கச் செல்றீங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

யுத்தம் முடிந்தது. உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் கரைத்தீவைத் தாண்டி வேகமாக வடக்கே போயின. நாங்கள் பழைய இடம்பெயர்ந்தோராம், வன்னியிலிருந்து வந்தவர்கள் புதிய இடம்பெயர்ந்தோராம், உலகத்தின் இரக்கம் முதலில் புதியவர்களுக்காம். அதை நான் குறை சொல்லவில்லை, அந்தச் சனம் பட்டது பெரும்பாடு. ஆனால் துயரத்துக்கும் பாலுக்கும் ஒரே மாதிரிக் காலாவதித் திகதி போடுவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிற்காலத்தில் ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து, காணாமற்போனவர் என்று வாப்பாவுக்குச் சான்றிதழ் எடுக்கலாம் என்று உம்மாவுக்கு விளக்கினார். "காணாமப் போனது எனக்குத் தெரியுந்தானே தம்பி, அதுக்கு எனக்கு என்னத்துக்குச் சான்று" என்று உம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்.

அதற்கெல்லாம் முந்தியே நான் கலியாணம் முடித்து இங்கே வந்துவிட்டேன். உம்மா ஃபர்சானாவோடு கரைத்தீவில், இப்போது கல்வீட்டில். அலுமாரியின் மேல் தட்டில் ஒரு வெள்ளைச் சாறி எப்போதும் இருக்கும். மஞ்சளித்துப் போனால் மாற்றிப் புதிதாக வாங்கி வைப்பார்.

4

இங்கே போர்க்குற்றங்களை விசாரிக்கிற பிரிவு ஒன்று இருக்கிறது. எந்த நாட்டில் நடந்த குற்றமாக இருந்தாலும், செய்தவன் இங்கே இருந்தால் பிடிப்பார்களாம். எனக்கு அழைப்பு வந்தபோது, விசாவில் ஏதோ பிழை என்று பயந்துகொண்டுதான் போனேன்.

பெண் அதிகாரி ஒருவர் இருந்தார். மிகவும் நல்ல மாதிரி. தண்ணீர் ஊற்றித் தந்தார், அழ வந்தால் அழலாம் என்று கடதாசிப் பெட்டியைப் பக்கத்தில் தள்ளி வைத்தார். மொழிபெயர்க்கத் தமிழ்நாட்டுப் பொடியன் ஒருவன். வாப்பா என்றால் யார் என்று என்னிடமே கேட்டான். நான் இத்தாவைப் பற்றிச் சொன்னபோது அவன் என்ன சொன்னானோ, அதிகாரி முகம் சுருங்கி, உங்கள் விதவைகளை யார் அடைத்து வைக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை, நாங்களாக இருப்போம் என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

பிறகு சட்டத்தை வாசித்துக் காட்டினார். ஆயுதப் போரில் சண்டையில் பங்கெடுக்காத ஆட்கள் பாதுகாக்கப்பட்டவர்கள். அவர்களைக் கொல்லக் கூடாது, வதைக்கக் கூடாது, ஊரைவிட்டுத் துரத்தக் கூடாது. அரச இராணுவத்துக்கும் அது பொருந்தும், ஆயுதம் தூக்கிய எந்த இயக்கத்துக்கும் பொருந்தும். எங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி இவ்வளவு மரியாதையாக யாரும் எழுதிவைத்து நான் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாங்கள் கடற்கரையில் நிற்கும்போதே அந்தச் சட்டம் இருந்ததா என்று கேட்டேன். ஓம், அதற்கும் நெடுங்காலம் முந்தியே இருந்தது என்றார்.

கேள்விகள் தொடங்கின. வாப்பாவின் உயரம், அன்று உடுத்திருந்த சாரம். அவர் கையில் ஏதும் வைத்திருந்தாரா? சாவி என்றால் எப்படியான சாவி? அதன் பிடியில் ஏதும் சுற்றியிருந்ததா, என்ன நிறம்?

சிவப்பு என்று சொல்லிவிட்டு நான் நிறுத்தினேன். சுற்றியிருந்ததா என்று கேட்க இவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர் மௌத்தா என்று தமிழிலேயே கேட்டேன். பொடியன் அதை மட்டும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தான்.

அதிகாரி பக்கத்து அறைக்குப் போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். சொன்னார். இயக்கத்தில் இருந்த வேறொருவன் இங்கே அடைக்கலம் கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், வாப்பாவின் பெயரையும் ஊரையும்கூட. அதை வைத்துத்தான் என்னைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். வாப்பா இன்ஜினைத் திருத்தி முடித்தாராம். ஓட்டிப் பார்த்தார்களாம், நன்றாக ஓடியதாம். வள்ளம் மறைத்து வைத்திருந்த இடத்தைப் பார்த்துவிட்ட ஆளைத் திருப்பி அனுப்ப ஏலாது என்று முடிவெடுத்தது சேகர். இன்ஜினை நிறுத்தாமலே சுட்டானாம், சத்தம் கரைக்குக் கேட்காமல் இருக்க. குழி தோண்டியவன்தான் இதைச் சொன்னவன். சேகர் இந்த நாட்டில்தான், குடும்பத்தோடு, எங்கள் நகரத்திலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரத்தில் இருக்கிறான் என்று அவனுடைய இப்போதைய படத்தையும் எடுத்துக் காட்டினார்.

கடதாசிப் பெட்டியை நான் தொடவில்லை. உம்மாவுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று எழும்பினேன். அப்போதுதான் அந்த நல்ல மனுசி என் கையைப் பிடித்தார்.

சொல்லக் கூடாதாம். வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது சேகர்தான் என்று நேரில் பார்த்துச் சொல்ல உயிரோடு இருக்கிறது உம்மா ஒருவர்தான். எட்டு வயதுப் பிள்ளையின் நினைவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஊதித் தள்ளிவிடுவார். உம்மா வாக்குமூலம் கொடுக்கும் முன் நான் ஒரு வார்த்தை சொன்னாலும், மகள் சொல்லிக் கொடுத்ததைத் தாய் ஒப்பிக்கிறார் என்று வழக்கு உடைந்துவிடும். கொஞ்ச வாரங்கள் பொறுக்க வேண்டும் என்றார். நான் பழக்கதோசத்தில் தலையாட்டினேன்.

5

கொஞ்ச வாரங்கள் என்பது இங்கே ஒரு சொல் மட்டும்தான். இந்த நாட்டு அமைச்சு அந்த நாட்டு அமைச்சைக் கேட்க வேண்டும், அது இன்னொரு அமைச்சைக் கேட்க வேண்டும். ஒரு முறை திகதி வந்து தள்ளிப்போனது. இன்னொரு முறை மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. அடுத்த ஐப்பசி வந்தது, போனது. அதற்கடுத்ததும் வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் உம்மா பேசுவார். ஜும்மா முடிந்து தெருவில் ஆட்கள் கலைகிற சத்தம் பின்னால் கேட்கும். தலவிலத் திருவிழாவுக்குப் போகிற சனத்தால் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை என்பார், கீரிமீன் விலை ஏறிவிட்டது என்பார். நடுவில், தண்ணீர் குடிக்கிறது போல, "வாப்பாக்கு இந்தக் கீரிமீன் எண்டா உசிரு" என்று வரும். உயிர் இருக்கிற ஆளைப் பற்றிக் கதைக்கிற மாதிரியே வரும். நான் இங்கே மழை என்பேன். ஒவ்வொரு வெள்ளியும் மழை என்றால் உம்மா என்ன நினைத்திருப்பாரோ.

என் வீட்டுக்காரர் சொல்லிவிடு என்றார். சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்றார். ஹனா எனக்கு முன்னால் வந்து நின்று, கூடாது என்றாள். அவளுடைய வகுப்பில் அந்த வருடம் பாடமே ஆயுத மோதலில் பொதுமக்களின் பாதுகாப்பு. எனக்கு வாசித்துக் காட்டிய விதிகளையெல்லாம் இலக்கத்தோடு சொல்வாள். பரீட்சையில் நல்ல புள்ளி. உம்மம்மா ஒரு சாட்சி, அவர் மனதைக் கலக்கினால் குற்றவாளி தப்பிவிடுவான் என்று ஜேர்மன் மொழியில் எனக்கு விளக்கினாள். உம்மம்மாவோடு நேரில் கதைக்க அவளுக்குத் தமிழ் போதாது. கையசைத்துவிட்டுப் போய்விடுவாள்.

"உங்கட புத்தகத்தில, ஆளைத் தொலைச்ச குடும்பத்துக்கு ஒண்டும் எழுதியில்லையா?" என்று கேட்டேன்.

இருக்கிறதாம். தங்கள் உறவினருக்கு என்ன நடந்தது என்று அறிந்துகொள்வது குடும்பங்களின் உரிமை என்று ஒரு விதி இருக்கிறதாம். அதையும் மனப்பாடமாகச் சொன்னாள். பிறகு, அது வேறு விதி, இது வேறு நடைமுறை என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை. எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போல வந்தது, அவளை இல்லை என்றால் அந்தப் புத்தகத்தை.

கடைசியில் உம்மாவைக் கொழும்புக்கு அழைத்தார்கள். ஃபர்சானாவை வெளியே இருத்திவிட்டு, உம்மாவை மட்டும் இங்கிருந்து கேள்வி கேட்கிறவர்கள் தெரிகிற ஒரு திரைக்கு முன்னால் இருத்தி, காலையிலிருந்து பின்னேர அசர் தொழுகை வரைக்கும் கேட்டார்கள். அன்றிரவு பேசினார்.

"நல்ல மரியாதையாத்தான் கேட்டாங்க மகள். அவன்ட படத்தக் காட்டினாங்க. கிழண்டு பெய்த்தான், ஆனாக் கண்டதும் செல்லிட்டன். கஞ்சி குடுத்த கைக்குத் தெரியாதா. எல்லாத்துக்கும் பிறகு நான் ஒண்டு கேட்டன், இவ்வளவும் கேக்கிறீங்களே, அவரு மௌத்தா இல்லையா எண்டு. கேள்வி கேக்கிறது அவங்களாம், நான் கேக்க ஏலாதாம்."

மறுநாள் காலை அதிகாரிக்குப் பேசினேன். உம்மாவின் சாட்சி மிகவும் வலுவானது, வாழ்த்துகள் என்றார். இனிச் சொல்லலாமா என்றேன். வழக்கு நடக்கும்போது திரும்பவும் கூப்பிட வேண்டி வரும், அதுவரைக்கும் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றார்.

6

சேகர் செத்துப்போனதை எனக்கு அதிகாரி சொல்லவில்லை. தமிழ்க் கடையில் மிளகாய்த்தூள் வாங்கப் போனபோது, கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. நிறப் படம். பெயர் வேறு, முகம் அதுதான். அதிகாரி காட்டிய அதே படத்தை இடுப்புக்குக் கீழே வெட்டிப் போட்டிருந்தார்கள். பாசமிகு கணவர், அன்புத் தந்தை, சமூக சேவையாளர். பிறந்த திகதி, இறந்த திகதி, எந்த ஆஸ்பத்திரி, எந்த மண்டபத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், எத்தனை மணிக்குத் தகனம், எல்லாம் இருந்தது. மனைவி தாங்க முடியாத துயரில் இருக்கிறாராம். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வந்த எரிச்சலை இங்கே எழுத ஏலாது. அவருக்கு நாள் தெரியும், இடம் தெரியும், உடல் கையில் கிடைத்திருக்கிறது. என் உம்மா அலுமாரியில் வெள்ளைச் சாறியை மாற்றி மாற்றி வைத்த காலம் முழுவதும் இவன் இங்கே சமூக சேவை செய்திருக்கிறான்.

அதிகாரிக்குப் பேசினேன். ஓம், உங்களுக்கு அறிவிக்க இருந்தோம் என்றார். செத்தவன் மேல் வழக்கு நடத்த ஏலாது, கோப்பை மூடுகிறார்கள். அவருடைய குரலில் உண்மையான கவலை இருந்தது. கடைசியில், இனி நீங்கள் உங்கள் தாயாருக்குத் தாராளமாகச் சொல்லலாம் என்றார். தாராளமாக.

அன்று மத்தியானமே படம் தெரிகிற மாதிரி ஃபர்சானாவின் போனுக்கு எடுத்தேன். உம்மா கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை.

"உம்மா, வாப்பா மௌத்து."

இன்னாலில்லாஹி என்று மெதுவாகச் சொன்னார். கத்தியைக் கீழே வைத்தார். எண்டைக்கு என்று கேட்டார்.

"அண்டைக்கேதான் உம்மா. நாங்க கரையில நிக்கக்குள்ள."

"இன்ஜின் சத்தம் கேட்டதே மகள்."

"அதுக்குப் பிறகு."

வேறு எதுவும் கேட்கவில்லை. எழும்பிப் போய்க் குளித்தார். வெள்ளைச் சாறியை உடுத்தார். புத்தளத்தில் திரும்பக் கோத்து, கொக்கி போட்ட கருகமணியைத் தானே கழற்றி ஒரு பீங்கானில் வைத்தார். உள் அறையில் பாயை விரித்து, கதவில் சீலை கட்டச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். உம்மா கையால் இத்தாக் குளிப்பு வார்த்துக்கொண்ட பெண்களில் சிலரும் இருந்தார்கள். அவருடைய முகத்தில் ஒரு அமைதி தெரிந்தது. போன்படத்தில் அதைப் பார்த்து, இதற்காவது இவ்வளவும் பட்டோமே என்று நான் நினைத்தேன். இத்தா செய்தி கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம், முகாமில் யாருக்கும் அதைச் சரிபார்க்க வேண்டி வந்ததில்லை.

இரவுக்கு முந்திப் பள்ளிவாசல் மௌலவி வந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. சீலைக்கு வெளியே நின்று, மௌத்தான நாளை ஃபர்சானாவிடம் கேட்டார். திரும்பவும் கேட்டார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். இத்தா செய்தி வந்த நாளிலிருந்து கணக்கில்லை, புருசன் மௌத்தான நாளிலிருந்துதான் கணக்கு. அப்படிப் பார்த்தால், முகாமுக்கு வந்த பிறகு வந்த முதல் நோன்புக்குக் கொஞ்சம் முந்தியே உம்மாவின் இத்தா முடிந்துவிட்டது. தெரியாமல் வெளியே திரிந்ததில் குற்றமில்லை. இனி இருக்க ஒன்றும் இல்லை.

அவர் மார்க்கத்தில் உள்ளதைத்தான் சொன்னார். அந்த அதிகாரியும் சட்டத்தில் உள்ளதைத்தான் சொன்னார். இந்தக் கதையில் பிழையாக நடந்தவன் ஒருவன்தான், அவன் ஒருவனுக்குத்தான் எல்லாச் சடங்கும் ஒழுங்காக நடந்தது.

சீலைக்கு உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"அந்த நோன்புப் பெருநாளைக்கு நான் மருதோண்டி வச்சனே மௌலவி. அவரு வருவாரெண்டு ரெண்டு கையிலயும் வச்சன். முகாமே பாத்துச் சிரிச்சிச்சி."

மௌலவி பிறக்க முந்தி நடந்த பெருநாள் அது.

"இத்தா இல்லண்டா நான் எப்பிடிக் கைம்பொண்ணு? இத்தா தரமாட்டீங்கண்டா இதக் கழட்டவும் செல்லாதீங்க."

சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளைச் சாறியோடு, பீங்கானில் இருந்த கருகமணியை எடுத்துக் கழுத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, ஃபர்சானாவுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஃபர்சானா போனை உயர்த்தி என்னைப் பார்த்தாள். பெண்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள், வெளிநாட்டில் இருக்கிறவளுக்குச் சட்டம் தெரியும் என்கிற மாதிரி.

கொக்கியைப் போட்டுவிடு என்றேன்.